மூன்று கார்டு தெரிந்தவன் எல்லாம் பாட்டுக்காரனா?

காலையில் கடற்கரைக்கு நடக்க வரும் எங்கள் கூட்டத்தில் ஒரு வங்கி அதிகாரி இருக்கிறார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. கணக்குப் பார்ப்பதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. போன வாரம் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். உலகத்திலேயே வேகமாக கித்தார் வாசிப்பவர்கள் பத்துப் பேர், யார் நொடிக்கு எத்தனை ஸ்வரம் என்ற கணக்கோடு. மறுநாள் காந்தி சிலை அருகே பிடித்துக்கொண்டார்.

"என்ன முசியே, நீங்கள் ஓயாமல் பேசுகிற ஆட்களில் ஒருத்தன்கூட இந்தப் பட்டியலில் இல்லையே? மூன்று கார்டு தெரிந்தவன் எல்லாம் பாட்டுக்காரனா?"

கார்டு என்பது இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே பிடியில் அடிப்பது. மூன்று பிடி கற்றுக்கொண்டால் ராக் இசையில் பாதிப் பாட்டை வாசித்துவிடலாம் என்பார்கள். உண்மைதான். அதில் என்ன குற்றம் என்பதுதான் என் கேள்வி. அங்கேயே நின்று பதில் சொல்லியிருப்பேன். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனவே பதில் இங்கே.

முதலில் எனக்கு இந்த விஷயத்தில் என்ன யோக்கியதை என்று சொல்லிவிடுகிறேன். வாசிக்கத் தெரியாது. என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது பெட்டியில் ஒரு தெப்பாஸ் கொண்டுவந்தார். லியோன் நகரத்தில் செய்த கையடக்க ரெக்கார்டு பிளேயர் அது. சூட்கேஸ் மாதிரி மூடி, மூடியிலேயே ஸ்பீக்கர். அந்தக் காலத்தில் பிரான்சில் சின்ன இசைத்தட்டு என்றால் நான்கு பாட்டு இருக்கும், கெட்டி அட்டையில் பளபளவென்று படம் இருக்கும். ஜானி ஹாலிடே, அப்புறம் இங்கிலாந்துப் பையன்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, ஆங்கிலமோ அப்போது எங்களுக்கு அந்நிய மொழி. ஆகவே என்ன பாடுகிறான் என்று புரியாமல் எப்படிப் பாடுகிறான் என்று மட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். இதை ஒரு தகுதியாகவே நினைக்கிறேன்.

அப்படிக் கேட்டதில் என்னைத் தூக்கிப்போட்டது 1964-இல் கிங்ஸ் என்ற லண்டன் குழு வெளியிட்ட 'யூ ரியலி காட் மீ'. தெப்பாஸ் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கித்தார் அப்படிக் கரகரக்கும் என்று யாருக்குத் தெரியும்? பெரியப்பா வந்து ஊசியைத் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் அதே கரகரப்பு.

கதை பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதை வாசித்த டேவ் டேவிஸுக்கு அப்போது 17 வயது. தன்னிடம் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரின் சத்தம் பிடிக்காமல், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சவரப் பிளேடால் கீறிவிட்டான். கிழிந்த கூம்பு அதிரும்போது வந்த சத்தம்தான் அது. பிற்காலத்தில் அந்தக் கரகரப்பை உண்டாக்குவதற்கென்றே கம்பெனிகள் கருவி செய்து விற்றார்கள். ஆனால் நான் சொல்லவந்தது இது அல்ல. அந்தப் பாட்டின் நடுவே தாறுமாறாகப் பாய்கிற கித்தார் துண்டு ஒன்று வருமே, அதை டேவ் வாசிக்கவில்லை, கூலிக்கு வாசிக்க வந்த ஜிம்மி பேஜ்தான் வாசித்தார் என்று ஒரு வதந்தி பல பத்தாண்டுகள் ஓடியது. ஜிம்மி பேஜ் பின்னாளில் லெட் செப்லின் குழுவில் பெரும்புகழ் பெற்றவர். அவரே இல்லை என்று சொன்ன பிறகும் வதந்தி சாகவில்லை. ஏன்? நன்றாக இருப்பதை 17 வயதுப் பயல் செய்திருக்க முடியாது, தேர்ந்த கை ஒன்று பின்னால் இருந்தே ஆகவேண்டும் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் வங்கி அதிகாரி அவர்களில் ஒருவர்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பாட்டில் டிரம்ஸ் அடித்தவர் குழுவைச் சேர்ந்தவர் அல்ல. பாபி கிரஹாம் என்ற தேர்ந்த ஸ்டுடியோக் கலைஞர். அவர் இல்லாவிட்டால் பாட்டு அப்படி நிமிர்ந்து நின்றிருக்காது. நான் தேர்ச்சிக்கு எதிரி அல்ல. தேர்ச்சியை அளக்கும் கோலைப் பற்றித்தான் சண்டை.

அலுவலகத்தில் எனக்கு இது பழகிய விஷயம். எழுத்தர் வேலைக்குத் தட்டச்சுத் தேர்வு உண்டு. லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. எங்கள் பிரிவில் ஒருவர் அதற்கும் மேலே பறப்பார். விரல் தெரியாது. ஆனால் சிக்கலான ஒரு கோப்பு நகர வேண்டுமென்றால் எல்லோரும் போய் நிற்பது இன்னொருவர் மேசையில். இரண்டு விரலால் தட்டுகிறவர், கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். அவர் ஐந்து வரியில் ஒரு குறிப்பு எழுதினால் அதிகாரி கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். வேகத்துக்குத் தேர்வு வைக்க முடியும். எந்த ஐந்து வரி என்பதற்கு எந்தத் தேர்வாணையமும் இதுவரை தேர்வு வைக்கவில்லை.

ஆகவே வேகக்காரர்களின் பொற்காலத்துக்கு வருவோம். 1970-களின் முதல் பாதி. கல்லூரியில் இசை படித்த கைகள் ராக்குக்குள் நுழைந்தன. யெஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் போன்ற குழுக்கள். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) என்னிடம் இன்றும் இருக்கிறது, மழை நாளில் கேட்பேன், நன்றாகவே இருக்கும். ஆனால் மறு வருடம் அதே குழு 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்று ஒன்று வெளியிட்டது. இரண்டு பெரிய இசைத்தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே பாட்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டுப் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்குத் தோன்றிய யோசனை. ஆம், அடிக்குறிப்பு. ஓர் அடிக்குறிப்பை எண்பது நிமிடமாக இழுக்க முடியும் என்பதை, முப்பது வருடம் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்த நான் மறுக்கமாட்டேன். அதைக் காசு கொடுத்து யார் கேட்பது என்பதுதான் கேள்வி. வாங்கினார்கள், இங்கிலாந்தில் முதலிடத்துக்கே போனது. அதைவிடப் பெரிய சாட்சி மேடையில் இருந்தது. அந்தக் குழுவில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் வரை போய் வந்தவர் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேன். விரல் வித்தையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருக்கே இந்த இசை சலித்துவிட்டது. மான்செஸ்டர் கச்சேரியில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, வரவழைத்த இந்தியச் சாப்பாட்டைக் கீபோர்டு மேல் வைத்துச் சாப்பிட்டதாக அவரே சொல்லிச் சிரிக்கிறார். விண்டலூ, அப்பளம் எல்லாம் உண்டாம். 1974-இல் குழுவை விட்டே போய்விட்டார்.

நொடிக்கு எத்தனை ஸ்வரம் என்று எண்ணுகிறவர்கள், நடுவே எத்தனை அப்பளம் நொறுங்கியது என்பதையும் எண்ணலாம்.

இதற்கு எதிர்வினையாகத்தான் 1976-இல் நியூயார்க்கிலிருந்து ரமோன்ஸ் வந்தார்கள். முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் சுமார் 29 நிமிடம். ஒரு வாரத்துக்குள், ஆறாயிரத்துச் சொச்சம் டாலரில் முடித்தார்கள். யெஸ் குழு ஒன்றரைப் பாட்டை முடிப்பதற்குள் இவர்கள் எல்லாப் பாட்டையும் முடித்துவிட்டுப் பஸ் பிடித்திருப்பார்கள். எங்கள் நண்பர் இவர்களைக் கேட்டால் 'கை தெரியாதவன்கள்' என்பார். சரி, அவருக்கு ஒரு பரிட்சை வைக்கிறேன். கித்தாரில் சாதாரணமாகக் கை மேலும் கீழும் போய் வரும். ஜானி ரமோன் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பவர். ஒவ்வொரு அடிக்கும் கையை மறுபடி மேலே கொண்டுவந்து, மறுபடி கீழே. அந்த வேகத்தில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விடாமல், ஒரு கச்சேரி முழுக்க. ஒரு பென்சிலை எடுத்து மேசையில் அப்படித் தட்டிப் பாருங்கள், எத்தனை நிமிடம் முழங்கை தாங்குகிறதென்று. நான் தட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "என்னங்க, யாராவது கதவைத் தட்டறாங்களா?" என்றாள். அதற்குள் எனக்குக் கை விட்டுப்போயிற்று.

இது திறமை இல்லையென்றால் வேறு என்ன? பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

மறுபக்கத்துக்காரர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. தெரியாமல் வாசிப்பதுதான் உண்மை, கற்றுக்கொண்டால் கெட்டுப்போவோம் என்று ஒரு கூட்டம் பங்க் காலத்தில் கிளம்பியது. இது அதைவிடப் பெரிய புளுகு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் 1977 ஆல்பத்தைத் தயாரித்தவர் கிறிஸ் தாமஸ். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஒலிக்கலவையில் வேலை செய்தவர். அந்தப் பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன் என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்தான் பிஸ்டல்ஸின் பாடகர்! தெருச்சண்டை மாதிரிக் கேட்கிற அந்த கித்தாரை ஸ்டீவ் ஜோன்ஸ் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார். பேஸ் கித்தாரைப் பிடிக்கவே தெரியாத சிட் விஷியஸ் போஸ்டரில் இருந்தார். தட்டில் கேட்கும் பேஸில் பெரும்பகுதி ஜோன்ஸ் வாசித்தது. முரட்டுத்தனத்துக்கும் உழைப்பு வேண்டியிருக்கிறது. 'கற்காதே' என்று சொன்னவர்களை நம்பி வீணாய்ப்போன குழுக்கள் ஏராளம், அவற்றின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

பிறகு எதைத்தான் நீ சொல்கிறாய் என்கிறீர்களா? இரண்டு பேர் கதையைக் கேளுங்கள்.

பெரியப்பாவின் தட்டுகளில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் ஒன்று இருந்தது. ராக் அல்ல, ஜாஸ். நாடோடி வண்டியில் வாழ்ந்த குடும்பம். 1928-இல் பாரிஸுக்கு அருகே வண்டி தீப்பிடித்து எரிந்ததில் அவருடைய இடதுகையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய பயனற்றுப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரலால் கித்தாரை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். எந்தப் பள்ளியிலும் இல்லாத விரல் வழிகளைத் தானே கண்டுபிடித்தார். பெரியப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் தன் இரண்டு விரலை நீட்டிக் காட்டுவார்.

பல வருடம் கழித்து இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் டோனி ஐயோமி என்ற 17 வயதுப் பையன். தகரத் தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போவதாக முடிவு செய்த கடைசி நாளில், இயந்திரம் அவன் வலதுகை நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் வெட்டிவிட்டது. அவன் இடதுகைக்காரன், ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கை அது. வைத்தியர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ. ஐயோமி என்ன செய்தான்? பாத்திரம் துலக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். அதன்மேல் பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டினான். தந்தி கடினமாக இருந்ததால் பேன்ஜோவின் மெல்லிய கம்பியைக் கட்டினான். பின்னர் வலி குறைய, சுருதியையே இறக்கிக் கட்டினான். தொப்பி போட்ட விரலால் நுணுக்கமான பிடிகள் முடியாது; இரண்டு தந்தியைச் சேர்த்து அழுத்துகிற கனமான பிடிதான் முடியும். அந்தக் கனம், அந்த இறங்கிய சுருதி, இரண்டும் சேர்ந்ததுதான் பிளாக் சபாத். 1970-இல் வந்த முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். அன்றைய விமர்சகர்கள் பலர் கரித்துக்கொட்டினார்கள். இன்றைக்கு ஹெவி மெட்டல் என்ற பெயரில் உலகம் முழுக்க வாசிக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பிளாஸ்டிக் புட்டிக்குக் கடன்பட்டவர்கள்.

ஜாங்கோவுக்கு வேகம் இருந்தது. ஐயோமிக்கு அந்த வேகம் கிடையாது. இருவரில் எவன் திறமைசாலி என்று கேட்பது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. கையில் இருந்ததைக் கொண்டு வேறு யாரும் செய்யாத ஒரு ஓசையை இருவரும் உண்டாக்கினார்கள். டேவ் டேவிஸின் பிளேடும் அதே காரியத்தைத்தான் செய்தது.

குரலுக்கும் இதே கதைதான். 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் லண்டன் ஸ்டுடியோவில் ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். இரவு பத்து மணி சுமாருக்கு, தொண்டை மாத்திரையைச் சப்பி, பாலைக் குடித்துவிட்டு லெனன் பாடினார். ஒரே தடவை. இரண்டாம் தடவைக்குக் குரல் இல்லை. அந்த ஒன்றுதான் இன்றுவரை நாம் கேட்பது. ஒரு வாரம் ஓய்வெடுத்து, வெந்நீர் கொப்பளித்துச் சுத்தமாகப் பாடியிருந்தால் அதை யார் கேட்டிருப்பார்கள்?

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் டிரம்ஸ் அடித்த மோ டக்கரைப் பற்றித் தனியாக எழுத ஆசை. நின்றுகொண்டே, பெரும்பாலும் சிம்பல் இல்லாமல், கொட்டாப்புளி போன்ற குச்சியால் அடித்த பெண். அதற்குமுன் அவர் செய்தது கம்ப்யூட்டருக்குத் துளை அட்டை அடிக்கும் வேலை. நம்ம சாதி, எழுத்தர் சாதி!

சரி. இதையெல்லாம் எழுபது வயதுக்குமேல் இவ்வளவு ஆத்திரத்தோடு ஏன் எழுதுகிறேன்?

1966. எங்கள் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. பள்ளியின் பெயர் வேண்டாம். என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் ஒரு பழைய கித்தார் இருந்தது. ஆறு தந்தியில் ஐந்துதான் இருந்தது. அவன் தெப்பாஸ் கேட்பதற்காகவே தினமும் எங்கள் வீட்டுக்கு வருவான். சொல்ஃபேஜ் தெரியாது. அதாவது ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. அது தெரியாமல் வாத்தியத்தைத் தொடுவதே குற்றம் என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளி தர்மம். காதால் கேட்டு, மாடியில் உட்கார்ந்து, அந்தக் கிங்ஸ் பாட்டைக் கற்றுக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் அவனுக்கும் புரியாது. என்ன சொல் என்றே தெரியாமல் பாடுவான். கேட்டால் ரோமம் சிலிர்க்கும். பொய் சொல்லவில்லை, மாடியில் எனக்குச் சிலிர்த்தது.

ஒத்திகையில் மேடை ஏறினான். அடித்த அடியில் ஒரு தந்தி அறுந்தது. நிறுத்தாமல் மிச்சம் நான்கில் வாசித்தான். குரல் பிசிறடித்தது. இசை ஆசிரியர் கையைத் தட்டி நிறுத்தினார். சபையைப் பார்த்து, "ஸெரோ புவாந்தே" என்றார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் பூஜ்யம் அல்ல. மற்றப் பாடத்தில் எவ்வளவு வாங்கினாலும் உன்னைத் தோற்கடிக்கிற பூஜ்யம்.

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அவன் மேடையிலிருந்து பார்த்தது என்னைத்தான்.

அதற்கப்புறம் அவன் வாசித்து நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். சில வருடத்தில் பிரான்சுக்குப் போய்விட்டான். இரண்டு மூன்று முறை ஊருக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான். பென்ஷன், முட்டி வலி, பிள்ளைகள் எல்லாம் பேசுவோம். ஒருமுறை அவன் முன்னால் என் பேத்தியின் கித்தார் சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம், அவர் தனக்குத் தெரிந்த கோலால் அளந்தார். எனக்கு மாடியில் சிலிர்த்திருந்தது. தெரிந்தும் சிரித்தவன் நான்.

வங்கி நண்பரே, பட்டியலுக்கு என் பதில் இதுதான். நாளைக் காலை காந்தி சிலையருகே மிச்சத்தைப் பேசலாம், நான் இட்லி சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.

அவனுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை நீ படிப்பதுண்டு என்று உன் மகள் சொன்னாள். படித்தால் ஒரு ஃபோன் செய். இங்கே இரவு ஒன்பது மணிக்குள் கூப்பிடு, அதற்குமேல் நான் தூங்கிவிடுவேன்.